ஒரு சாண் புல்

பனிவாரி நிறையப் பனியை அள்ளிவிட்டு, அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல், நகராட்சி ஊழியர் போகுமில் லிபோவா தெருவில் ஐந்து நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார்.

இடது பக்கம் கொட்டினால் அது நடைபாதை. நகராட்சி ஊழியரே நடைபாதையில் பனியைக் கொட்டினார் என்று நாளைக்கே ஒரு புகார் வரும். அந்தப் புகாரை வாங்கிப் பதில் எழுத வேண்டியவரும் போகுமில்தான். நடைபாதையைத் தாண்டிக் கொட்டினால் அது ரோடு. ரோடு மாவட்டத்துக்குச் சொந்தம். வலது பக்கம் வேலிக்கு உள்ளே கொட்டினால் அது பதினோராம் நம்பர் வீட்டு முற்றம். அந்த வீட்டுக் கோர்னெல், எழுபது வயதுக்காரர், வேலியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, கண்ணாடி டம்ளரில் தேநீர் குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்கலையா தம்பி?"

"வலிக்குது."

"அந்தக் கார்ல போட்டுக்கங்களேன். நகராட்சி வண்டிதானே?"

"இல்லைங்க, என் சொந்த வண்டி."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

வேறு வழி தோன்றவில்லை. போகுமில் காரின் டிக்கியைத் திறந்து பனியை உள்ளே கொட்டினார். பிறகு திரும்பி வந்து அடுத்த வாரியை அள்ளினார். இப்படிப் பதினேழு தடவை நடந்தது.

எங்கள் ஊர் நகராட்சியில் போகுமிலுக்குப் பனிக்காலப் பராமரிப்புப் பிரிவு. பிரிவு என்றால் அவர், ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் ஒரு வாளி மணல். வேலை வாங்கி இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர். சட்டத்தை மதிப்பவர். தொந்தரவெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

சட்டம் இதுதான். வீட்டு வேலியை ஒட்டி நடைபாதை இருந்தால், அதில் சேரும் பனியையும் ஐஸையும் வீட்டுச் சொந்தக்காரர் அகற்ற வேண்டும். வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் புல் இருந்துவிட்டால் போதும், அந்த வேலை நகராட்சியின் தலையில் விழும். கோடைகாலத்தில் ஒரு நடை நடந்து எங்கே புல் இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்து வைத்துக்கொண்டால் ஒரு குழப்பமும் வராது. ஆனால் கோடைகாலத்தில் இந்த விஷயம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பதினோராம் நம்பருக்கு முன்னால் முப்பது மீட்டர் நடைபாதை, முழுக்க ஐஸ். புல் இருக்கிறதா இல்லையா என்று வரைபடத்தைப் பார்த்தால், சரியாக அந்த இடத்தில் யாரோ எப்போதோ காப்பிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள். பழுப்பு வளையம் வேலியோடு வேலியாக ஓடியது.

இதையெல்லாம் ஆற அமரப் பார்க்கலாம்தான். ஆனால் இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை மெழுகுவர்த்தித் திருநாள். அன்றைக்குச் சாயங்காலப் பூசை முடிந்ததும், மந்திரித்த மெழுகுவர்த்தியை ஏற்றி, சுடர் அணையாமல் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதி ஊர் லிபோவா தெரு வழியாகத்தான் போகும். எல்லோருடைய கண்ணும் சுடரில் இருக்கும். காலைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரம் இருக்காது. போன வருஷம் பதினோராம் நம்பருக்கு முன்னால் மூன்று பேர் விழுந்தார்கள். இரண்டு கை, ஒரு இடுப்பு.

மேயர் ரெனாதா அம்மாள் போகுமிலைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமலே சொல்லியிருந்தார்.

"இந்த வருஷம் ஒருத்தர் விழுந்தாலும் சரி, நீங்க மறுநாள் காலைல கல்லறைப் பதிவேட்டுக்குப் போயிடலாம் போகுமில்."

கல்லறைப் பதிவேட்டு அறை அலுவலகத்தின் நிலவறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கணப்பு வேலை செய்யாது. முன்பு அங்கே அனுப்பப்பட்டவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். கடைவீதியில் பார்த்தால் யாரிடமும் பேசுவதில்லை. போகுமிலுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"நம்ம ஆளுங்களை அனுப்பி வாரிட்டா என்ன மேடம்? ஒரு மணி நேர வேலைதானே."

"ஒரு தடவை நாம வாரினா, நம்ம பொறுப்புன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். அடுத்த வருஷம் ஊர்ல எல்லா வேலிக்கு முன்னாடியும் புல் முளைக்கும். ஒரு விஷயத்தை நாமளா ஒத்துக்கக் கூடாது போகுமில். அதுதான் நிர்வாகம்."

போகுமில் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டார்.

முறைப்படி முதலில் வீட்டின் கோப்பை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆவண அறைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. ஆவணக் காப்பாளர் ஃபெலிட்சியாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'காய்ச்சல். உடம்பு சரியானதும் வருவேன்.' ஃபெலிட்சியாவுக்கு உடம்பு சரியாவது அவருடைய இஷ்டத்தைப் பொறுத்தது. காத்திருக்க நேரமில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைக் கோர்னெல் வீடு என்றுதான் சொன்னார்கள். போன வாரமே போகுமில் உட்கார்ந்து முதல் கடிதத்தை எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கோர்னெல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இது என்ன தம்பி, 'பதினோராம் எண்ணில் குடியிருப்பவருக்கு'ன்னு போட்டிருக்கு? பனி வார்றது குடியிருக்கிறவன் வேலையா, சொந்தக்காரன் வேலையா?"

"சொந்தக்காரர் வேலை."

"அப்ப அப்படித்தானே எழுதணும்? சட்டம்னா சட்டம்."

பன்னிரண்டு வருஷத்தில் சட்டத்தைப் படித்த ஒரு குடிமகனைப் போகுமில் அன்றைக்குத்தான் சந்தித்தார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. திரும்பிப் போய், 'வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு' என்று திருத்தி எழுதிக்கொண்டு வந்தார்.

"பேர் இல்லையே. எந்த உரிமையாளர்?"

மூன்றாவது கடிதம் 'வீட்டு உரிமையாளர் திரு. கோர்னெல் அவர்களுக்கு' என்று வந்தது.

"முத்திரை சதுரமா இருக்கு தம்பி. சதுர முத்திரை வாசல்ல கடுதாசி வாங்கிப் போடறதுக்கு. வட்ட முத்திரை இல்லாம இதை நான் எப்படிப் பெரிசா எடுத்துக்கறது?"

வட்ட முத்திரை மேயரின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதை வாங்க மூன்று பேர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போகுமில் போட்டார். நான்காவது கடிதம் வட்ட முத்திரையோடு போனது. கோர்னெல் அதை இரண்டு தடவை படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மார்போடு வைத்துக்கொண்டார்.

"தேதியெல்லாம் தெளிவா இருக்கு. ரொம்ப சந்தோஷம்."

"அப்ப பனியை வாரிடுவீங்கல்ல?"

"நான் எப்படி வார்றது? நடுவுல புல் இருக்கே."

அந்தப் புல்லைத் தேடித்தான் இப்போது போகுமில் தன் காரில் பனி ஏற்றிக்கொண்டிருந்தார்.

பனிக்கு அடியில் விரல் தடிமனுக்கு ஐஸ். கடப்பாரையால் குத்தினால் சில்லுத் தெறித்துக் கன்னத்தில் பட்டதே தவிர, புல் தெரியவில்லை.

"வெந்நீர் ஊத்திப் பாக்கலாமே" என்றார் கோர்னெல். "உள்ள வாங்க. அடுப்புல கொதிச்சுக்கிட்டுதான் இருக்கு."

உள்ளே நீளமான நடைகூடம். போகுமில் கோட்டைக் கழற்றி மாட்ட ஒரு கொக்கியைத் தேடினார். சுவரில் முப்பது கொக்கிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கீழே. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்னப் படம்: காளான், வாத்து, முள்ளம்பன்றி. போகுமில் முள்ளம்பன்றியில் மாட்டினார். கோட்டு பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. கை கழுவும் தொட்டியும் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது.

"பேரப் பிள்ளைங்க நிறையவா ஐயா?"

"ஒரு காலத்துல இந்த வீடு நிறையப் பிள்ளைங்க" என்றார் கோர்னெல். "எல்லாம் பெரிசாகிப் போயிட்டாங்க."

அடுப்பில் இருந்த கெட்டிலுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டு பேராகத் தூக்க வேண்டியிருந்தது. கல்யாணச் சமையலுக்குப் போதும். தூக்கிக்கொண்டு போய் வேலி ஓரமாக ஊற்றினார்கள். ஐஸ் உருகியது. உருகிய தண்ணீர் நடைபாதைப் பக்கம் சரிந்து, முப்பது மீட்டருக்கும் ஒரே சீராகப் பரவி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி உறைந்தது. இதுவரை மேடும் பள்ளமுமாக இருந்த நடைபாதை இப்போது முகம் பார்க்கலாம்போல வழவழவென்று ஆகிவிட்டது.

வேலி ஓரத்தில் மூன்று புல் தெரிந்தது. கூடவே ஒரு கைப்பிடிப் பாசி.

"பாத்தீங்களா? புல்" என்றார் கோர்னெல்.

"மூணு இருக்கு."

"மூணுன்னா புல் இல்லையா?"

போகுமில் அங்கே இருந்தபடியே நகராட்சி வக்கீலுக்குப் போன் போட்டார். "புல் தொடர்ச்சியா இருக்கணும்" என்றார் வக்கீல். "பாசி புல்லுல சேராது. சேராதுன்னும் எங்கயும் எழுதல. நான் சொன்னதா எழுதிடாதீங்க."

முடிவு தெரியாதபோது பதிவு செய்வதுதான் முறை. போகுமில் காரின் மேல் தாளை வைத்து ஒரு பார்வைக் குறிப்பு எழுதினார். 'வீட்டு உரிமையாளர் திரு. கோர்னெல் முன்னிலையில் மூன்று புல்லும் பாசியும் காணப்பட்டன.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கோர்னெல் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வழியாக வந்த முதல் ஆள், ரொட்டிக்கடைக்காரர், வழுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் பன்னிரண்டாம் நம்பர் வரை போய் நின்றார். நல்லவேளை, விழவில்லை. போகுமில் ஓடிப்போய் நடைபாதையின் இரண்டு முனையிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார். இனி யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த நிம்மதி பத்தரை மணி வரை நீடித்தது. பத்தரைக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"உங்க ஊர் ஆளுங்க எங்க ரோட்டுல நடக்கிறாங்க சார்."

"நடைபாதை அடைச்சிருக்கு சார்."

"அது உங்க பாடு. எங்க ரோடு வண்டிக்கு. நடக்கிறவங்களை நீங்க எடுத்துக்கங்க."

"எடுத்து எங்க சார் வைக்கிறது?"

"அதைப் பத்தி எங்களுக்கு எந்த உத்தரவும் வரல" என்று போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் மாவட்டத்துப் பனி ஒதுக்கும் வண்டி வந்தது. ரோட்டில் ஆட்கள் நடந்ததாகப் புகார் போயிருந்ததால் வழக்கத்தைவிட அக்கறையாக ஒதுக்கியது. ரோட்டிலிருந்த பனி, சேறு, உப்பு, ஒரு பழைய கையுறை எல்லாம் சேர்ந்து நடைபாதையின் மேல் முழங்கால் உயரத்துக்குச் சுவராக நின்றது. சாயங்காலத்துக்குள் அது கல்லாகிவிட்டது.

இப்போது புதிதாக ஒரு கேள்வி. கீழே இருப்பது யாருடைய ஐஸ் என்றே தெரியவில்லை. மேலே இருப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் மாவட்டத்துப் பனி. போகுமில் சட்டப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினார். ஒருவருடைய ஐஸ் மேல் இன்னொருவருடைய பனி ஏறினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று உரிமையாளர் கோர்னெலுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். எழுதும்போது தான் என்ன எழுதுகிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை. ஆனால் பழக்க தோஷத்தில் வட்ட முத்திரை குத்தியிருந்தார்.

"நல்லா எழுதறீங்க தம்பி" என்றார் கோர்னெல், உறைக்குள் போட்டுக்கொண்டே. "அர்த்தம் புரியல. ஆனா மரியாதை இருக்கு."

புதன்கிழமை போகுமில் தெருமுனையில் ஒரு பலகை நட்டார்: 'எதிர்ப்பக்க நடைபாதையைப் பயன்படுத்தவும்.' எதிர்ப்பக்கம் முழுக்கக் கோயில் சுவர். கால் மணி நேரத்தில் பாதிரியார் இக்னாத்சி அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு ஜனங்களை என் பக்கம் அனுப்பறீங்க?"

"இந்தப் பக்கம் வழுக்குது ஃபாதர்."

"என் பக்கம் மேல பாத்தீங்களா?"

போகுமில் மேலே பார்த்தார். கோயில் கூரை விளிம்பில் ஆள் உயரத்துக்கு ஐஸ் ஈட்டிகள் வரிசையாகத் தொங்கின.

"மேல இருந்து விழுந்தா நான் பொறுப்பு. கீழ விழுந்தா நீங்க பொறுப்பு" என்றார் பாதிரியார். "கீழயே விழட்டும். பலகையை எடுங்க."

போகுமில் பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். காரில் போக முடியாது. திங்கட்கிழமை ஏற்றிய பனி டிக்கியில் அப்படியே உறைந்து, பின்பக்கம் தாழ்ந்து, வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. அன்று மத்தியானம் நிலவறைப் படிகளில் இறங்கி, கல்லறைப் பதிவேட்டு அறையின் கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு கம்பளி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் மனைவி, "வியாழக்கிழமை நான் அந்தத் தெரு வழியாத்தான் மெழுகுவர்த்தி கொண்டுவருவேன், போன வருஷம் சுத்திப் போனதுல பாதி வழியிலேயே அணைஞ்சு போச்சு" என்று வேறு சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சட்டத்தை முதல்முறையாக மறந்து, வீட்டுச் சமையலறையிலிருந்து ஊறுகாய்க்கு வைத்திருந்த இரண்டு கிலோ உப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகுமில் லிபோவா தெருவுக்கு வந்தார். பையைப் பிரித்து முதல் கைப்பிடியை வீசப் போகும்போது வேலிப் பக்கம் குரல் கேட்டது.

"என்ன தம்பி பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"இது சொந்தக்காரன் வேலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? வட்ட முத்திரை போட்டு எழுதிட்டு, நீங்களே வந்து உப்புப் போட்டா அந்தக் கடுதாசிக்கு என்ன மதிப்பு?"

போகுமிலின் கையிலிருந்து உப்பு உதிர்ந்தது.

"ஐயா, என்னால முடியல. சாயங்காலம் யாராவது விழுந்தா என்னை நிலவறைக்கு அனுப்பிடுவாங்க. புல்லு இருக்கோ பாசி இருக்கோ, எனக்குத் தெரியல. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதித் தர்றேன்."

கோர்னெல் அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"புல் இல்லைன்னே வெச்சுக்குவோம். நானே வாரிடறேன்."

போகுமிலுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஒரே ஒரு காகிதம் மட்டும் குடுங்க. 'உரிமையாளர் என்ற முறையில் தன் கடமையைச் செய்கிறார், நகராட்சி இதை ஏற்கிறது'ன்னு. நாலு வார்த்தை."

போகுமில் வேலியைத் தாண்டி அவரைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தார். வேலி இடித்தது. அலுவலகத்துக்கு ஓடினார், மூன்று இடத்தில் வழுக்கினார், ஒரு இடத்திலும் விழவில்லை. மேயரம்மாள் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"புல் இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டாரா? போகுமில், இதை விடக் கூடாது. ஊர்ல மத்தவங்களுக்கும் புத்தி வரணும். ஒரு சான்றிதழ் அடிங்க. 'முன்மாதிரி வீட்டு உரிமையாளர்'. சாயங்காலம் நானே வந்து குடுக்கறேன். பத்திரிகைக்காரரையும் வரச் சொல்லுங்க."

கேட்ட காகிதம் கைக்கு வந்ததும் கோர்னெல் அன்றைக்கு வேலை செய்ததை எங்கள் ஊர் இன்னும் பேசுகிறது. மாவட்டத்துச் சுவரைக் கடப்பாரையால் பிளந்து, தள்ளுவண்டியில் ஏற்றித் தன் முற்றத்திலேயே கொண்டுபோய்க் கொட்டினார். ஐஸை ஒரு ஓரத்திலிருந்து அப்பளம்போலப் பெயர்த்தார். அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, ஒரே கனத்தில் தூவினார். இரண்டு விளிம்பையும் நூல் பிடித்து நேராக வெட்டினார். வேலை முடிந்த பிறகும் போக மனமில்லாமல், நடைபாதையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். சொந்தக்காரன் நடை.

சாயங்காலம் பூசை முடிந்து ஊர் வந்தது. நூற்றுக்கணக்கான சுடர்கள். எல்லோருடைய கண்ணும் சுடரில்தான். போகுமில் மட்டும் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்ஸ், பூட்ஸ், கைத்தடி, குழந்தை வண்டி, பூட்ஸ். சாம்பலில் சரக் சரக்கென்று சத்தம். ஒருத்தரும் விழவில்லை. அவருடைய மனைவி சுடரைக் கையால் மறைத்தபடி அவரைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் இன்னும் நூறு கடிதம் எழுதத் தயாராக இருந்தார்.

மேயரம்மாள் வேலிக்கு முன்னால் நின்று சான்றிதழை வாசித்தார். கோர்னெல் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தோரு வருஷமா இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார்.

எங்கள் ஊர் இவ்வளவு நாள் ஒரு நல்ல மனிதரைப் பாராட்டாமல் இருந்துவிட்டதே என்று எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

அதற்கு அப்புறம் மூன்று வாரம் போகுமிலுக்குப் பொற்காலம். மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். கார் டிக்கியும் ஒருவழியாக உருகி வடிந்தது. அடுத்த கோடையில் ஊர் முழுக்கப் புல் கணக்கெடுக்க ஒரு திட்டம் எழுதி, அதற்கு ஒரு பச்சை நிறக் கோப்பும் போட்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, காய்ச்சல் முடிந்து ஃபெலிட்சியா வேலைக்கு வந்தார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. ஒரு கையில் தூசி படிந்த பழைய கோப்பு, இன்னொரு கையில் ஒரு சாவி. சாவியைப் போகுமிலின் மேஜைமேல் வைத்தார்.

"மேயரம்மா இதை உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"என்ன சாவிக்கா இது?"

"கல்லறைப் பதிவேட்டு அறை."

போகுமிலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, ஒருத்தர்கூட விழலையே. நான் நின்னு எண்ணினேன்."

"விழல. கோர்னெலுக்கு எத்தனை கடுதாசி எழுதினே?"

"குடியிருப்பவர்னு தப்பா எழுதினதை விட்டா, ஏழு. சான்றிதழும் சேத்து."

"எல்லாத்துலயும் வீட்டு உரிமையாளர்னா?"

"அவரு அதுல ரொம்பக் கறார்க்கா. சட்டம் தெரிஞ்சவர்."

"நகராட்சியே ஒத்துக்கிட்டதுக்கு ஆதாரமா அந்த ஏழையும் சேத்து வெச்சுக் கோர்ட்டுல மனு போட்டிருக்கார். பதினோராம் நம்பர் வீட்டைத் தன் பேருக்கு எழுதிக் குடுக்கச் சொல்லி. நோட்டீஸ் காலைல நம்ம நகராட்சிக்கு வந்திருக்கு."

"அவர் வீட்டை அவர் பேருக்கு எழுதறதுக்கு நமக்கு எதுக்குக்கா நோட்டீஸ்?"

ஃபெலிட்சியா கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம் குத்தியிருந்தது. நீளமான நடைகூடம், இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு குட்டிக் கோட்டு. மூன்றாவது கொக்கிக்கு மேலே முள்ளம்பன்றி.

போகுமில் அந்த முள்ளம்பன்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெலிட்சியா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது முப்பத்தோரு வருஷம் முன்னாடி நாம மூடின நகராட்சி பாலர் பள்ளி, போகுமில். அவர் அங்க நாம வெச்ச வாட்ச்மேன். சாவியைத் திருப்பி வாங்க மறந்துட்டோம்."